இருபத்தோரு வரி விளம்பரம்

அத்தியாயம் 11

போன வாரம் அக்காவை மாடிப்படியில், கையில் கைபேசியோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். வேறொரு நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே துணிக்கிடங்குக்கு மேற்பார்வையாளர் வேலை. 'வெள்ளிக்கிழமை மாலைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவர்கள் இரண்டாவது முறையாக எழுதியிருந்தார்கள்.

முதல் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் சண்டை ஒன்றும் போடவில்லை.

"தாராளமா போ அக்கா. உன் இடத்துக்கு ஒரு ஆள் கிடைச்சதும் போ," என்றான். அவளும் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியதுதான் தப்பு.

இன்று வியாழக்கிழமை. ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

கீழே சலவைக்கூடம், மேலே வீடு. மூன்று மருத்துவமனை, இரண்டு ஹோட்டல், ஒரு மாணவர் விடுதி என்று ஊரில் பாதிப் பேர் படுத்து எழுந்த விரிப்புகள் இங்கேதான் வந்து சேரும். கூடத்தை ஆரம்பித்தது அப்பா. அவருக்கு முட்டி போனபிறகு தம்பி முதலாளி. அக்கா யார் என்றால், அக்கா. அவ்வளவுதான். இருபது வருஷமாகக் காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறவள் அவள். கூடத்து ஆட்களுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், பில் கொண்டு வருகிற மருத்துவமனைக் குமாஸ்தாவுக்கும் அவள் அக்காதான். அப்பாவே சில நாள் வாய் தவறி, "அக்கா எங்கே?" என்று கேட்பார்.

ஆள் தேடும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். ஆறு மாத நிர்வாகப் படிப்பு ஒன்று படித்து, அதன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான் அல்லவா, விளம்பரம் எழுதுவது அவன் வேலை. "நீ எந்திரத்தைப் பாரு. எழுத்து வேலை உனக்கு எதுக்கு?" என்றான். அவளும் எந்திரத்தைப் பார்த்தாள்.

இன்று காலை மூன்று பேர் நேர்காணலுக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் நீராவி பட்டு அவர் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி வெள்ளையானது. கடைசியில் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"என்னோட கேபின் எந்தப் பக்கம் மேடம்?"

அக்கா மடிப்பு மேசையைக் காட்டினாள். அவர் நாலு நிமிஷம் மரியாதைக்கு நின்றுவிட்டு, யாரோ கைபேசியில் கூப்பிட்ட மாதிரி பேசிக்கொண்டே வெளியே போனார்.

இரண்டாவது ஓர் இளைஞன், கையில் பெரிய படப் புத்தகம். திறந்தால் பக்கம் பக்கமாகச் சட்டை, கவுன், கால்சட்டை எல்லாம் வரைந்து வைத்திருந்தான்.

"துணித்துறையில் புதுமை படைக்க விரும்புபவர்னு போட்டிருந்தீங்களே," என்றான் பாவம்.

"நாங்க துவைக்கறோம் தம்பி," என்றாள் அக்கா.

"துவைக்கறதா?"

"ஆமா."

அவன் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவன். அவனைத் திருப்பி அனுப்பும்போது அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அவன் மேல் இல்லை. ஐந்து வாரத்தில் இப்படிப் பத்தொன்பது பேர். எவனுக்கோ கேபின் வேண்டும், எவனுக்கோ புதுமை வேண்டும், இங்கே மருத்துவமனை மூட்டையைப் பிரிக்க ஓர் ஆள் இல்லை. என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறான் இவன் என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள்.

மூன்றாவதாக வந்த பெண்ணைப் பார்த்ததும் அக்காவுக்கு மூச்சு வந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், மடித்துவிட்ட கை, தட்டைச் செருப்பு. ஒரு மருத்துவமனையில் வார்டுப் பொறுப்பாளராக இருந்தவராம். நீராவியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. மேசையில் கிடந்த தலையணை உறையை எடுத்து, பேசிக்கொண்டே சரியாக மடித்து வைத்தார். வேலை தெரிந்த கை.

உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விளம்பரம். அங்கங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"சில விஷயம் கேட்டுக்கலாமா? இருபத்தோரு வரி இருக்கு, எண்ணிப் பார்த்தேன். இந்த ஏழாவது வரி. 'இரண்டாம் எண் எந்திரத்தின் மனநிலையை அதன் ஒலியைக் கொண்டே உணரக்கூடியவர்.' இது என்ன?"

"அது முனகும். முனகினா உடனே நிறுத்தணும், இல்லேன்னா பெல்ட் போயிடும்."

"சரி, அது புரியுது. பதினொண்ணு. 'நள்ளிரவு உட்பட எந்நேரமும் புன்னகையுடன் அழைப்பை ஏற்பவர்.' பதினாலு. 'மாலை ஆறு மணிக்கு மூத்தவருக்குக் கண் சொட்டு மருந்து விடுவதில் பொறுமை உள்ளவர்.' பத்தொன்பது. 'கோபத்தில் பேசும் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளாதவர்.'"

அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். முகம் சூடாகிக்கொண்டே வந்தது.

"இவ்வளவு எழுதிட்டு சம்பளம் 'பேசிக்கொள்ளலாம்'னு போட்டிருக்கு. சரி, பேசுவோம். இதுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"முன்னாடி இருக்கறது நான்தான்."

"அப்ப ரொம்ப சௌகரியம். உங்களுக்கு எவ்வளவு?"

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.  சாப்பாடு, துணிமணி, வேண்டும்போது தம்பியின் மேசை டிராயரிலிருந்து எடுத்துக்கொள்வது. அதற்கு என்ன பெயர் சொல்வது?

"நான் வீட்டு ஆளுங்க," என்றாள்.

அந்தப் பெண் தாளை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இது வேலை விளம்பரம் இல்ல, உங்களைப் பத்தி எழுதினது. அஞ்சு பேர் வேலையை ஒருத்தர் சும்மா செஞ்சிருக்காங்க, அதே மாதிரி இன்னொருத்தர் வேணும்னு கேக்கறாங்க. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. என்னால முடியாது."

கும்பிட்டுவிட்டுப் போனார். ஐந்து வாரத்தில் வந்த ஒரே சரியான ஆள், வாசல் தாண்டித் தெருவில் இறங்கியாகிவிட்டது.

மத்தியானம் எந்திரங்களை நிறுத்திவிட்டு அக்கா தாளோடு மாடி ஏறினாள். அப்பா, அம்மா, தம்பி மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான். ஏன்?" என்றான் தம்பி.

"கண் சொட்டு மருந்து நீயா எழுதின?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா தட்டைப் பார்த்தாள்.

"அவன் எழுதும்போது, வேற என்ன வேணும்னு கேட்டான்," என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு நான் விட்டா கண்ணை மூடிக்கறார். நீ விட்டாதான் திறக்கறார். அதைச் சொன்னேன்."

"எந்திரம்?"

"அது நான்," என்றார் அப்பா. "ரெண்டாம் நம்பர் சத்தம் தெரியாதவன் கையில கூடத்தைக் குடுக்க முடியுமா?"

நடந்தது இதுதான். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து, அக்கா போய்விட்டால் என்னென்ன நின்றுபோகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருக்கிறான். எழுதிய பிறகு மேலே 'செயல்பாட்டு மேலாளர்' என்று ஒரு கிரீடம், கீழே 'துணித்துறையில் புதுமை' என்று ஒரு குஞ்சம். பாசத்தோடு செய்த வேலைதான். அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. திட்டுவதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

"ஒருத்தி கிடைச்சா. கை அவ்வளவு நல்ல கை. இதைப் படிச்சுட்டுப் போயிட்டா," என்றாள். "சம்பளம் ஏன் போடல?"

"எவ்வளவு போடறது? உனக்குக் குடுக்கறதை வெச்சுப் போடலாம்னா, உனக்குத்தான்..." தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டான்.

 அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். செம்பு நிறையவே தண்ணீர் இருந்தது.

"நீ ஆள் தேடல," என்றாள் அக்கா. "நான் போக முடியாதுன்னு சாட்சி தேடற. வர்றவன் எல்லாம் ஓடினா, பாத்தியா, உன்னை விட்டா ஆள் இல்லன்னு சொல்லலாம். இவ்வளவுதானே?"

"அப்படி யாரு நினைச்சா? வீண்பழி போடாத அக்கா."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கு நான் என்ன பண்றது? ஆளை என்ன அச்சுலயா வார்த்தெடுக்க முடியும்?"

அக்கா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மேசையில் அம்மாவின் தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அந்த ஹோட்டல் விளம்பரம் அவளுக்கு மனப்பாடம். அதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. காலை ஏழு முதல் மூன்றரை வரை. இத்தனை விரிப்பு, இத்தனை ஆட்கள், இவ்வளவு சம்பளம். 'வேலை முடிந்தபின் உங்களைக் கூப்பிட மாட்டோம்.' அந்தக் கடைசி வரியை அவள் முதன்முதலாகப் படித்த அன்று, எந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீராவி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

கால்மணி நேரத்தில் எழுதி முடித்துத் தம்பி முன்னால் வைத்தாள். அவன் உரக்கப் படித்தான்.

"'சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் தேவை. காலை ஐந்து மணிக்கு வர வேண்டும், ஒன்றரைக்குப் போகலாம். போனபின் கூப்பிட மாட்டோம். பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை. உள்ளே நீராவி, முதல் பத்து நாள் தலை வலிக்கும். மருத்துவமனைத் துணியையும் ஹோட்டல் துணியையும் கலக்காமல் பிரிப்பது, ஆறு பேருக்கு வேலை சொல்வது, வண்டியில் ஏற்றும்முன் எண்ணிப் பார்ப்பது. இவ்வளவுதான். இரண்டாம் எந்திரம் முனகும். அதை நாங்கள் சொல்லித் தருவோம்.'"

"இதுல என்ன இருக்கு, கவர்ச்சியே இல்ல," என்றவனின் குரல் அடுத்த வரிக்கு வந்ததும் மாறியது. "'முதலாளிக்குக் கோபம் வந்தால் எல்லார் முன்னாலும் கத்துவார். பிறகு வருத்தப்படுவார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.' இது என்ன அக்கா?"

"நிஜம்."

"இதை ஊர் பூரா படிக்கணுமா?"

"படிக்காமதான் போன வருஷம் கூடத்து வேலைக்கு வந்த ஆறு பேர் சேர்ந்த வாரத்துலயே ஓடினாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு மறைச்சு எத்தனை பேரை உக்கார வெப்ப? தெரிஞ்சு வர்றவ நிப்பா."

தம்பி அப்பாவைப் பார்த்தான். கத்துகிற விஷயத்தில் இவன் அப்பாவைக் கொண்டவன்தான். அப்பா இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"சம்பளம் இவ்வளவா? யாரைக் கேட்டுப் போட்ட?"

"ஹோட்டல்ல எனக்குத் தர்றேன்னு சொன்னதுல முக்கால் பங்கு. இந்த வேலைக்கு வெளியில என்ன விலைன்னு எனக்கே அஞ்சு வாரம் முன்னாடிதான் தெரியும்."

தம்பி தாளை அவள் பக்கம் தள்ளினான். "போடு. தாராளமா போடு. ஒரு ஈ காக்கா வராது. வந்தா என்னைக் கேளு."

அவள் அங்கேயே உட்கார்ந்து கைபேசியில் தட்டச்சு செய்து, வேலை தேடுகிறவர்கள் பார்க்கும் இணையத் தளத்தில் போட்டாள். கூடத்துப் பெண்களின் குரூப்பிலும் போட்டு, தெரிந்தவர்களுக்கு அனுப்பச் சொன்னாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை என்பதை அம்மா மட்டும் கவனித்தாள்.

மூன்று மணிக்குள் நாலு அழைப்பு வந்தது. ஒருவருக்கு ஐந்து மணி பஸ் இல்லை. ஒருவர் நீராவி ஒத்துக்கொள்ளாது என்றார், ஆஸ்துமாவாம். இன்னொருவர், "முதலாளி என்ன கை நீட்டுவாரா?" என்று கேட்டார். இல்லை என்றாள், யோசிக்கிறேன் என்றார். நாலாவது ஆள் தப்பான எண். ஆனாலும் ஒன்றைக் கவனித்தாள். யாரும் கேபின் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு ஹோட்டல் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. தம்பி வண்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு இரண்டு கையும் ஈரம். கைபேசி அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான்தான்."

நாலு வருஷம் கழித்துக் கேட்டாலும் அந்தக் குரல் மறந்துவிடுமா? சுருட்டை. தலைமுடிக்காகக் கூடத்தில் வைத்த பேர். அக்காவைத் தவிர இரண்டாம் எந்திரத்தின் முனகலைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மருத்துவமனைக் கணக்கில் நாற்பது விரிப்பு குறைந்தது. தம்பிக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. ஆறு பேர் பார்க்க, "பையைத் திற," என்றான் சுருட்டையிடம். அவள் திறந்தாள். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு. மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசல்வரை கூடப் போனது அக்காதான். "அவன் கோபம் அடங்கட்டும், நானே கூப்பிடறேன்," என்றாள்.

"விளம்பரம் பாத்தேன்," என்றாள் சுருட்டை. பின்னால் ஏதோ பஸ் நிலையச் சத்தம். "நேரம் ஒத்து வருது. சம்பளமும் போதும். திங்கட்கிழமையே வந்துடலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்."

"சொல்லு."

"அந்த முதலாளி வரி. கத்துவார், பிறகு வருத்தப்படுவார்னு. அதை அவரே எழுதினாரா, நீங்க எழுதினீங்களா?"

வண்டிப் பக்கம் எண்ணிக்கை நின்றுவிட்டது.

'அவன்தான்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஆள், நாளைக்கு ஹோட்டலுக்குப் பதில், ஒன்றாம் தேதி அங்கே வேலையில் சேர ரயில். அக்காவின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. மத்தியானம் 'நிஜம்' என்று வீறாப்பாகச் சொன்னவள் அவள். அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் எழுதினேன்."

"நினைச்சேன். அப்ப அவர் வருத்தப்பட்டாரான்னு உங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"சரிக்கா. உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். வெச்சுடறேன்."

"வைக்காத."

தம்பி. எந்திரங்கள் மூன்றும் ஓடும்போதுகூடத் தெருமுனைவரை கேட்கிற குரல், இப்போது பக்கத்தில் நின்ற அக்காவுக்கே பாதிதான் கேட்டது. அவன் மேசைக்கு வந்து, கைபேசியைக் கையில் எடுக்காமல், அதற்கு முன்னால் நின்றான்.

"அந்த நாற்பது விரிப்பு," என்றான். "ஹோட்டல் மூட்டையோட போயிருந்தது. மாத்தி ஏத்தினது நான்தான். மறுநாள் காலையில திருப்பி அனுப்பினாங்க. நானே வாங்கி அலமாரியில வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாளா? நாலு வருஷமாக இவன் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நாலு வருஷமாக அந்த நாற்பதையும் மடித்து மடித்து அனுப்பியிருக்கிறாள். "அடப்பாவி," என்றாள், சத்தமே வராமல்.

"தப்பு என்னுது," என்றான் தம்பி கைபேசியைப் பார்த்து. "உன் பையைத் திறக்கச் சொன்னது தப்பு. அதை மறுநாளே சொல்லாதது அதைவிடத் தப்பு. நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம். அக்காவுக்காக இதைச் சொல்லல."

மறுமுனையில் பஸ் ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சுருட்டை வைத்துவிட்டாளோ என்று அக்கா குனிந்து பார்த்தாள். வைக்கவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவர் சொன்னது கேட்டுது," என்றாள் சுருட்டை கடைசியில்.  "அவர் கத்துவார்னு தெரிஞ்சுதான் அஞ்சு வருஷம் இருந்தேன். எனக்கு அது பெரிசில்ல. அக்கா, வாசல்ல வெச்சு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. நானே கூப்பிடறேன்னு. ரெண்டு மாசம் வேற வேலைக்குப் போகாம உக்காந்திருந்தேன். நீங்க ஏன் கூப்பிடல?"

அக்காவின் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

காரணம் அவளுக்குத் தெரியும். விரிப்பு கிடைத்ததாக யாரும் சொல்லவில்லை. ஒருவேளை எடுத்திருப்பாளோ என்று, மனசின் ஒரு மூலையில், கடுகளவு சந்தேகம் இருந்தது. அந்தக் கடுகளவை வைத்துக்கொண்டுதான் நாலு வருஷம் கூப்பிடாமல் இருந்தாள். தம்பி இப்போது தலைகுனிந்து நின்றான். அவனைப் பார்த்துப் பழியைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

"அக்கா, இருக்கீங்களா?" என்றது கைபேசி.